பேரேட்டில் ஏறாத சூரை

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கிழக்கே ராமநாதபுரமும் தெற்கே தூத்துக்குடியும் கடலை மறித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனாலும் இந்தக் கரிசல் மண்ணின் அடுக்களைகளுக்குச் சூரை மீன் புதிதல்ல. மாசிக் கருவாடாக அது எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. வரிச்சூரையைத் துண்டம் போட்டு, அவித்து, புகை காட்டி, கட்டைபோல இறுகும்வரை வெயிலில் காயவைத்தால் மாசி. மாலத்தீவும் லட்சத்தீவின் மினிக்காயும் அதன் பிறந்தகம். இடித்துத் தேங்காயும் மிளகாய் வற்றலும் சேர்த்தால் சம்பல். பழைய சோற்றுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

அந்த மாசிக்குப் பின்னால் இருப்பது, உலகின் மிகச் சுத்தமான சூரைப் பிடிப்பு முறைகளில் ஒன்று. உயிருள்ள சிறு மீன்களை அள்ளிப் போட்டுக் கூட்டத்தைப் படகருகே இழுத்து, கழியில் கட்டிய முள்ளில்லாத் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். ஒரு கழி, ஒரு தூண்டில், ஒரு மீன். ஆமையோ, ஓங்கில் என்னும் டால்பினோ அதில் சிக்குவது மிக அரிது. மாலத்தீவின் கழித்தூண்டில் வரிச்சூரை, 2012இல் கடல்சார் மேற்பார்வை மன்றத்தின் சான்றிதழைப் பெற்றது.

விருதுநகர் வணிகர்களின் ஊர். சரக்கு எங்கிருந்து வந்தது, எத்தனை மூட்டை, என்ன தரம் என்று பேரேட்டில் ஏறாத எதற்கும் இங்கே மதிப்பில்லை. இந்தியப் பெருங்கடலின் சூரைக்கு இன்றுள்ள முதற்குறை, அந்தப் பேரேடு ஒழுங்காக எழுதப்படாததுதான் என்பது என் வாதம். தொழிற்சாலைக் கப்பல்களைக் கட்டுப்படுத்துவது, நம் மீனவர்களின் பங்கைக் கேட்டு வாங்குவது, பிடித்த மீனுக்கு நல்ல விலை பெறுவது ஆகிய மூன்று வழியும் கடைசியில் அந்த ஒரே ஏட்டில் வந்து முடிகின்றன.

ஒரே கடல், நான்கு பிடிப்பு

உலகச் சூரைப் பிடிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து வருகிறது. வணிகத்தில் முன்னிற்பவை மூன்று இனங்கள். வரிச்சூரை சிறியது, வேகமாக வளர்ந்து வேகமாகப் பெருகுவது, டின்னில் அடைக்கப்படும் சூரையில் பெரும்பகுதி இதுதான். குமரிக் கரையில் கேரை எனப்படும் மஞ்சள்துடுப்புச் சூரை பெரியது, விலை மிக்கது. ஆழத்தில் திரியும் பெருங்கண் சூரை மூன்றாவது. இம்மூன்றுக்கும் எல்லைக்கோடு தெரியாது. சோமாலியக் கடலில் மேய்ந்தது லட்சத்தீவுக்கு வரும். அங்கிருந்து சுமத்ராவுக்கும் போகும். ஆகவே எந்த ஒரு நாடும் தனியாக இவற்றைக் காப்பாற்றிவிட முடியாது.

பிடிக்கும் வழி நான்கு. மாசியின் கழித்தூண்டிலைச் சொல்லியாயிற்று. இரண்டாவது, சுருக்குமடி. தமிழகக் கரையில் 2000இல் தடைசெய்யப்பட்டு, 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் மட்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்த வலையை நாம் அறிவோம். அதே வகை வலையை மாபெரும் அளவில், ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு இந்தியப் பெருங்கடலில் 1980களிலிருந்து போட்டுவருகின்றன. இன்று அவை பெரும்பாலும் மிதவைகளை நம்பியிருக்கின்றன. திறந்த கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். ஒரு தெப்பத்தைக் கட்டி, அடியில் எதிரொலிக் கருவியும் மேலே செயற்கைக்கோள் இணைப்பும் பொருத்தி மிதக்கவிட்டால், கீழே எவ்வளவு மீன் சேர்ந்திருக்கிறது என்பதை அது கப்பலுக்குச் சொல்லும்.

கேடும் அங்கேதான் தொடங்குகிறது. தெப்பத்தின் கீழ் வரிச்சூரையோடு கேரையின் குஞ்சுகளும் பெருங்கண் சூரையின் குஞ்சுகளும் சேர்ந்தே நிற்கும். கேரை ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் வளர்ந்தபிறகே பெருவாரியாக முட்டையிடத் தொடங்குகிறது. தெப்பத்தடியில் பிடிபடுபவையோ பெரும்பாலும் அதில் பாதி நீளம்தான் இருக்கும். விதைநெல்லை அவித்துத் தின்பதைப் போன்ற வேலை இது.

மூன்றாவது, ஆயிரங்கால் தூண்டில். பல மைல் நீளத் தாய்க்கயிற்றில் கிளைக்கயிறுகளைத் தொங்கவிட்டு நூற்றுக்கணக்கான, பெருங்கப்பல்களில் ஆயிரக்கணக்கான, தூண்டில்களை ஆழத்தில் இறக்குவது. வளர்ந்த மீனைத்தான் இது குறிவைக்கிறது. சுறாவும் ஆமையும் சிக்குவது இதன் குறை. வட்டவடிவத் தூண்டிலைப் பயன்படுத்தினால் ஆமைகள் தூண்டிலை விழுங்குவது குறையும். கிளைக்கயிற்றில் கம்பிக்குப் பதில் நைலான் இழை இருந்தால் சுறா கடித்துத் தப்பிவிடும்.

நான்காவது, செவுள்வலை. இந்தியப் பெருங்கடலின் சூரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இதுவே பிடிக்கிறது. ஈரான், பாகிஸ்தான், ஓமன், இந்தியா, இலங்கை என்று கரையோர நாடுகளின் வலை. தொலைதூரக் கப்பல்களைக் குறைசொல்லும்போது நாம் பேசாமல் தாண்டிச் செல்வதும் இதைத்தான். 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலின் சூரைச் செவுள்வலைகளில் சிக்கி மாண்ட ஓங்கில் முதலிய சிறு திமிங்கில இனங்கள் சுமார் 41 லட்சம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த எண்ணை எட்ட ஆய்வாளர்கள் அங்கங்கே கிடைத்த சிறு மாதிரிகளை வைத்துப் பெருக்கித்தான் கணக்கிட்டார்கள். கடலில் நேரடியாக எண்ணி எழுதியவர் இல்லை.

விக்டோரியாவில் ஒரு மேசை

சேஷெல்ஸ் தலைநகர் விக்டோரியாவில் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் இயங்குகிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் 1996இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் உறுப்பு நாடு. அளவுக்கு மேல் பிடிக்கப்பட்ட இனம் என்று 2015இல் கேரையை ஆணையத்தின் அறிவியல் குழு அறிவித்தது. அடுத்த ஆண்டே மீட்புத் திட்டம் வகுக்கப்பட்டு, நாடுகளின் பிடிப்பைக் குறைக்கும் தீர்மானங்கள் வரத் தொடங்கின.

ஆணையத்தின் விதிகளில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஒரு தீர்மானத்தை ஒரு நாடு எழுத்துமூலம் ஆட்சேபித்தால், அது அந்த நாட்டைக் கட்டுப்படுத்தாது. கேரை மீட்புத் தீர்மானத்தை ஆட்சேபித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதன் வாதத்தில் நியாயம் உண்டு: குஞ்சும் குருமானுமாக அள்ளிய பெருங்கப்பல்களுக்கும் சிறு படகில் போகும் மீனவருக்கும் ஒரே அளவில் வெட்டு விழுவது முறையல்ல. 2023 பிப்ரவரியில் மொம்பாசாவில் கூடிய சிறப்புக் கூட்டத்தில், மிதவைகளைக்கொண்டு பிடிப்பதை ஆண்டுக்கு 72 நாள் நிறுத்தவேண்டும் என்று கரையோர நாடுகள் வாக்கெடுப்பில் வென்றன. அப்போது ஆட்சேபித்தது ஐரோப்பிய ஒன்றியம்; வேறு சில நாடுகளும் சேர்ந்துகொண்டன. வென்ற தீர்மானம் ஏட்டளவில் நின்றுபோனது. அதே கதவு வழியாக இரு தரப்பும் வெளியேறியிருக்கின்றன.

வரிச்சூரைக்கு 2016இல் ஒரு நல்ல விதி வந்தது: கடலில் இருப்பு எவ்வளவோ, அதற்கேற்பப் பிடிப்பின் உச்சவரம்பு தானாகக் கணக்கிடப்படும். அதன்படி 2018 முதல் 2020 வரை ஆண்டுக்கு 4,70,029 டன். 2018இலேயே பிடிப்பு 6 லட்சம் டன்னைத் தொட்டுவிட்டது. மொத்த அளவைக் கணக்கிட்டார்கள். யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கவில்லை. பிரிக்காத சொத்து எப்படிக் கரையும் என்பதை எந்தக் கிராமத்து மனிதரும் சொல்லிவிடுவார்.

2024இல் கேரையின் மதிப்பீடு மாறியது. இருப்பு மோசமில்லை, அளவுமீறிய பிடிப்பும் இல்லை என்றது புதிய கணக்கு. கடல் ஒரே ஆண்டில் மாறிவிடவில்லை. ஆயிரங்கால் தூண்டிற் கப்பல்களின் பிடிப்பு விகிதத்தைக் கணக்கிட்ட முறையும் பிற தரவுகளும் திருத்தப்பட்டதே பெருங்காரணம். இதைக் கேட்டு மகிழ்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். ஏட்டைத் திருத்தினால் ஓர் இனத்தின் தலையெழுத்தே மாறும் என்றால், நம் பாதுகாப்பு முழுவதும் எவ்வளவு மெல்லிய தாளின்மேல் நிற்கிறது! கரையோர நாடுகளின் செவுள்வலைப் பிடிப்பில் பெரும்பகுதி இன்றும் அந்த ஏட்டில் மதிப்பீடாகவே ஏறுகிறது.

பாக் நீரிணையிலிருந்து புறப்பட்ட படகுகள்

தமிழகத்தில் சூரை அரசுத் திட்டமாக உருவெடுத்தது பாக் நீரிணைச் சிக்கலை ஒட்டி. ராமேசுவரம் முதல் நாகப்பட்டினம் வரையுள்ள இழுவைப் படகுகள் ஆழமில்லாத விரிகுடாவின் தரையைச் சுரண்டிவந்தன. கடல் எல்லைக்கு அப்பால் வடஇலங்கைத் தமிழ் மீனவர்களின் வலைகள் அறுந்தன. இப்பால் நம் மீனவர்கள் சிறைப்பட்டார்கள், உயிரும் இழந்தார்கள். 2017 ஜூலையில் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது. அதே மாதம் ராமேசுவரத்தில் பிரதமர், இழுவைப் படகுகளுக்குப் பதில் ஆழ்கடல் படகுகளுக்கான அனுமதிக் கடிதங்களை வழங்கினார்.

திட்டத்தின் கணக்கு இது: 3 ஆண்டில் 2,000 படகுகள், ஒரு படகு 80 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20, மீனவர் கைப்பணம் 10. மொத்தம் 1,600 கோடி. பழைய இழுவைப் படகைக் கைவிட்டாக வேண்டும். நோக்கம் மிகச் சரியானது. ஆனால் குறித்த காலத்துக்குள் இலக்கின் சிறு பகுதிகூட முழுமையாகக் கடலில் இறங்கவில்லை. பின்னர் படகின் விலையையும் மானியத்தையும் உயர்த்த வேண்டியதாயிற்று.

காரணம் மீனவரின் மனத்தயக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுவது அநியாயம். ஓரிரவில் போய்த் திரும்பும் ராமேசுவரத்து விசைப்படகுக்காரரை, வாரக்கணக்கில் கடலில் தங்கச் சொல்கிறோம். டீசலும் ஐஸும் தூண்டில் இரையும் கடனில் ஏற்றிப் போகிறார். மீன் கிடைக்காவிட்டால் அந்த ஒரு பயணமே அவரை முடக்கிவிடும். ஆயிரங்கால் தூண்டிலை எந்த ஆழத்தில் இறக்குவது, எந்த நேரத்தில் வாங்குவது என்பது பயிற்சி வகுப்பில் சில நாளில் வருவதல்ல. படகைக் கொடுத்தோம், அதை நடத்தும் அறிவையும் சந்தையையும் கொடுக்கவில்லை.

இன்னொரு குறை படகின் பெயரிலேயே இருக்கிறது: ‘சூரைத் தூண்டில் மற்றும் செவுள்வலைப் படகு’. தூண்டில் கைவராதவர் இயல்பாகவே செவுள்வலைக்குத் திரும்புவார். திறந்த பெருங்கடலில் 2.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மிதக்கும் வலை 1992 முடிவிலேயே உலகளவில் நிறுத்தப்பட்டது. 2022 முதல் ஆணையத்தின் எல்லை முழுவதற்கும், நாடுகளின் தனிப் பொருளாதாரக் கடலுக்கும் சேர்த்தே, அத்தடையைச் சூரை ஆணையம் நீட்டியது. விரிகுடாவின் தரையைக் காப்பாற்றப் புறப்பட்ட திட்டம் ஓங்கில்களின் கழுத்தில் வலையை மாட்டிவிடக் கூடாது.

தூத்தூர்க்காரர்கள் அறிந்தது

ஆழ்கடலை அரசு சொல்லிக் கற்காதவர்களும் தமிழகத்தில் இருக்கிறார்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்த எட்டு ஊர்கள். சுறா வேட்டையில் பெயரெடுத்த இவர்கள், கொச்சியைத் தளமாக வைத்துக்கொண்டு லட்சத்தீவுக் கடலைத் தாண்டிப் போகிறார்கள். 30, 40 நாள் கழித்துத் திரும்புகிறார்கள். படகின் வடிவத்தையும் கயிற்றின் அமைப்பையும் தாங்களே மாற்றி மாற்றிக் கண்டடைந்தார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது அதன் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தவர்களும் இவர்கள்தான். இந்தியாவின் ஆழ்கடல் அறிவுக்கு அந்த ஊர்கள் கொடுத்த விலையை மறந்துவிட்டு இத்தொழிலைப் பற்றிப் பேசக் கூடாது.

பாக் நீரிணைப் படகுகளுக்குப் பயிற்சி தரவேண்டியவர்கள் இவர்களே. ஒவ்வொரு புதிய படகிலும் முதல் சில பயணங்களுக்கு ஒரு தூத்தூர் ஓட்டுநரைச் சம்பளத்துக்கு அமர்த்தும் செலவு, 80 லட்ச ரூபாய்ப் படகு கரையில் நிற்பதன் நட்டத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

விலையின் பாடமும் இங்கே இருக்கிறது. சூரை, சுற்றியுள்ள நீரைவிட உடலைச் சூடாக வைத்திருக்கும் மீன். துள்ளித் துடித்துச் சாகும்போது உடற்சூடு ஏறி இறைச்சி வெந்ததுபோல் வெளுத்துவிடும். செவுள்வலையில் இரவெல்லாம் இறந்து கிடந்த மீனின் கதி பெரும்பாலும் அதுதான். குளிர்ச்சி தவறினால் ஹிஸ்டமின் என்னும் நச்சு சேரும். சமைத்தாலும் அது போகாது. தூண்டிலில் உயிரோடு ஏறிய கேரையை உடனே மூளையில் குத்தி அடக்கி, இரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, ஐஸ் நீரில் இறக்கினால் அதே மீன் பச்சையாக உண்ணும் ஜப்பானியச் சந்தையின் தரத்துக்கு உயரும். விலை பல மடங்கு ஏறும். ஒரே வருமானத்துக்குக் குறைந்த மீன் போதும் என்ற நிலை வரும்போதுதான் பாதுகாப்பு மீனவரின் சொந்த நலனாகிறது. ஐஸ் பெட்டிக்குக் கொடுக்கும் மானியம், பெரிய எஞ்சினுக்குக் கொடுக்கும் மானியத்தைவிடக் கடலுக்கு நல்லது.

சிவகாசிப் பெட்டி சொல்வது

‘கழித்தூண்டிலில் பிடித்தது’, ‘ஓங்கிலுக்குத் தீங்கற்றது’ என்று டின்னின்மேல் அச்சிட்டால் போதுமா? லேபிள் அச்சுக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்ற, எங்கள் மாவட்டத்துச் சிவகாசியில் இருந்து இந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசை மட்டுமே அனுமதித்து, பேரியம் உப்புக்குத் தடை விதித்தது. நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம் புதிய கலவைகளைத் தந்தது. 2019இல் பச்சை முத்திரையும் கியூஆர் குறியீடும் பெட்டிக்கு வந்தன. ஆயினும் தடைசெய்த வேதிப்பொருள் தொடர்வதையும், பெட்டியில் எழுதியதற்கும் உள்ளே இருந்ததற்கும் பொருத்தமில்லாததையும் சி.பி.ஐ. விசாரணையின் அடிப்படையில் 2021இல் நீதிமன்றமே கவலையோடு சுட்டிக்காட்டியது. பட்டாசுத் தொழிலாளரின் உழைப்பைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. மூலப்பொருள் வாங்கும் இடத்திலிருந்து பெட்டி மூடும் இடம்வரை கணக்குத் தொடர்ச்சி இல்லாவிட்டால் முத்திரை மையளவிலேயே நின்றுவிடும் என்ற பாடத்தைக் கடலுக்குக் கொண்டுபோகவே சொல்கிறேன்.

அத்தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை பட்டறிந்தது. ஆழ்கடல் படகுகளைச் சரிவரக் கண்காணிக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் எச்சரித்து, 2015 ஜனவரியில் இலங்கைப் படகுகள் பிடித்த மீனுக்குத் தடை விதித்தது. கேரை ஏற்றுமதியை நம்பிய படகுக்காரர்கள் திணறினார்கள். இலங்கை தன் பலநாட் படகுகளில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி பொருத்தி, பிடிப்புக் குறிப்பேட்டைக் கட்டாயமாக்கி, அபராதத்தை உயர்த்தி, 2016இல் சந்தையை மீட்டது.

கணக்கு வைத்தவன் கை ஓங்கும் என்பதற்குப் பசிபிக் தீவுகள் சான்று. நவுரு, கிரிபாத்தி, பப்புவா நியூகினி உள்ளிட்ட எட்டு நாடுகள் தங்கள் கடலில் சுருக்குமடிக் கப்பல்கள் மீன்பிடிக்கும் நாட்களை எண்ணி, நாளை விலைக்கு விற்கத் தொடங்கின. 2010இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம் சில ஆண்டுகளில் 50 கோடியை நெருங்கியது. 2010இலிருந்தே ஒவ்வொரு சுருக்குமடிக் கப்பலிலும் ஒரு பார்வையாளர். ஆண்டில் சில மாதம் மிதவைப் பிடிப்புக்கு ஓய்வு. அந்தக் கடலின் முக்கியச் சூரை இனங்கள் இன்று நலமாக இருக்கின்றன.

நாம் எழுதவேண்டிய பக்கம்

இந்தியாவுக்கு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட தனிப் பொருளாதாரக் கடல் உண்டு. 1991இன் ஆழ்கடல் கொள்கை அதை வெளிநாட்டுக் கூட்டுக் கப்பல்களுக்குத் திறந்தபோது மீனவர்கள் நாடெங்கும் போராடினார்கள். 1996இல் முராரி குழு அந்த உரிமங்களை ரத்துசெய்யப் பரிந்துரைத்தது. கடல் நம் மீனவருக்கே என்று வென்றெடுத்த உரிமை அது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகள், ஆழ்கடல் மீன்பிடிப்பில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை தந்து, இணைய வழி அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்து, ரெட்டைமடியையும் எல்.இ.டி. விளக்குப் பிடிப்பையும் தடுக்கின்றன. 1 லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் தொடர்புக் கருவி பொருத்தும் பணி 2024இல் தொடங்கியது.

இவற்றின்மேல் மூன்று செங்கற்களை வைக்கவேண்டும். ஒன்று, பிடிப்புக் குறிப்பேடு. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாக இறங்குதளங்களில் எடுக்கும் மாதிரிக் கணக்கு போற்றத்தக்கது. ஆனால் 40 நாள் கழித்துக் கரையேறும் கேரை எந்தக் கடலில், வலையிலா தூண்டிலிலா பிடிபட்டது என்பதைப் படகில் இருப்பவரே எழுதமுடியும். தமிழில், கைப்பேசியில், குரலில் சொன்னாலே பதியும்படி அந்த ஏடு இருக்கவேண்டும். எழுதுபவருக்கு அதனால் விலையில் ஆதாயம் வரவேண்டும்; வழக்கு வரும் என்ற அச்சம் கூடாது. இரண்டு, மானியப் படகுகளில் செவுள்வலையைப் படிப்படியாக விலக்கித் தூண்டிலை மட்டும் வைப்பது. மூன்று, மூக்கையூர், தூத்துக்குடி, தேங்காய்ப்பட்டணம் போன்ற துறைமுகங்களில் சூரைக்கெனக் குளிர்ச்சங்கிலி அமைப்பது.

யாருக்கு எவ்வளவு சூரை என்ற பங்கீட்டுப் பேச்சு ஆணையத்தில் பத்தாண்டுக்கு மேலாக இழுபடுகிறது. கடந்தகாலப் பிடிப்பே உரிமைக்கு ஆதாரம் என்கின்றன தொலைதூர நாடுகள். கரையோர மக்களின் வாழ்வே ஆதாரம் என்கிறோம் நாம். அறம் நம் பக்கம்தான். ஆனால் அந்த மேசையில் அறத்தோடு எண்ணும் வேண்டும். எண்ணில்லாமல் போனால், நாம் பிடித்த மீனையே பிடிக்காததாக எழுதிவிடுவார்கள்.

எங்கள் பக்கத்துக் கருவாட்டுக் கடைகளில் மாசி வாங்கும் மூத்தவர்கள் ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள், முகர்வார்கள், பிறகு கேட்பார்கள்: “இது எந்தத் தீவு மாசி?” கடைக்காரரிடம் அதற்குப் பதில் இருக்கும். கடலே இல்லாத ஊரில், ஒரு துண்டுக் கருவாட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது. தூத்துக்குடியில் ஏலம்போகும் ஒவ்வொரு கேரையைப் பற்றியும் அதே கேள்விக்கு அதே அளவு நேரான பதில் கிடைக்கும் நாளில், சூரையும் பிழைக்கும். அதைப் பிடிப்பவரும் பிழைப்பார்.